வெள்ளிக்கிழமை மாலை, தலையில் ஒரு கை

இன்று வெள்ளிக்கிழமை. யூத வீடுகளில் பொழுது சாய்வதற்குள் அம்மா மெழுகுவர்த்தி ஏற்றிவிடுவார். சபாத் என்ற ஓய்வுநாள் தொடங்கிவிடும். நெறி வழுவாத வீடுகளில் செல்பேசி, தொலைக்காட்சி எதையும் தொடமாட்டார்கள். வாரம் முழுக்க அப்பாவை அலைக்கழித்த போர்ச் செய்தி, யூத வெறுப்பு, ஜெப ஆலய வாசலில் நிற்கும் காவலர், எல்லாம் சுமார் 25 மணி நேரம் கதவுக்கு வெளியே நிற்க வேண்டும். நின்றால்தான் அவருக்கு மூச்சே வரும்.

சாப்பாட்டுக்கு முன்னால் பிள்ளைகளின் தலையில் கை வைத்து ஆசி சொல்வார் அப்பா. பல வீடுகளில் அம்மாவும் சேர்ந்துகொள்வார். மகளுக்கான ஆசியில் சாராள், ரெபெக்காள், ராகேல், லேயாள் பெயர்கள் வரும். மகனுக்கு? ஆபிரகாம் இல்லை, மோசே இல்லை, எப்பிராயீம், மனாசே! யோசேப்பின் பிள்ளைகள். எகிப்தில் பிறந்து வளர்ந்தும் தாத்தா யாக்கோபின் நெறியை விடாதவர்கள். தம்பி எப்பிராயீமுக்கு முதலிடம் கிடைத்தபோதும் அண்ணன் சண்டைக்குப் போகவில்லை என்று யூத குருமார்களான ரபிகள் விளக்குவார்கள். ஊர்விட்டு ஊர் போன சமூகத்தின் தகப்பன்மார் இந்த இருவரைப் பிடித்துக்கொண்டது எனக்கு நன்றாகவே புரிகிறது.

அடுத்து, ஆசாரியர்கள் சொன்ன பழைய ஆசீர்வாதம். 1979-ல் எருசலேமில் ஒரு கல்லறைக் குகையில் சின்னஞ்சிறு வெள்ளிச் சுருள்கள் இரண்டு கிடைத்தன. சிதையாமல் பிரிக்கவே ஆண்டுக்கணக்கில் ஆனது. உள்ளே அதே ஆசியின் வார்த்தைகள்! வயது சுமார் 2,600 ஆண்டுகள். யாரோ தாயத்துபோல அணிந்திருக்கிறார்கள்.

அந்த வார்த்தைகளைத்தான் இன்று சாயங்காலமும் ஒரு அப்பா குனிந்து தன் பிள்ளையின் காதருகே சொல்வார்.