36 படம் போதும்
செல்போன்ல ஒரே நாளில் ஆயிரம் படம் எடுத்தேன்னு எதிரணிச் சகோதரி பெருமையாச் சொன்னாங்க. திரும்பப் பார்த்தது எத்தனை தாயி? (சிரிப்பு) என் பிலிம் ரோல்ல 36தான். அதனால மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு கைவண்டிக்காரரை எடுக்கணும்னா, வெயில் அவர் முகத்துல விழுற வரைக்கும் நின்னு பேசிக்கிட்டிருப்பேன்.

ஒரு தடவை, ஊட்டியில தயாரான ‘இந்து’ கறுப்பு வெள்ளை பிலிமைப் போட்டுக்கிட்டு கீழக்குயில்குடிக்குப் போனேன். நாத்து நட்ட ஒரு ஆத்தாவை எடுத்தேன். “எனக்கொண்ணு குடுப்பியாப்பா?”ன்னு கேட்டுச்சு. பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். பல வருஷம் கழிச்சு ஆத்தா இறந்த வீட்டுல மாலை போட்டிருந்தது அந்தப் படத்துக்குத்தான். வேற படமே கிடையாதுய்யா! பேரன் இன்னொண்ணு கேட்டான். நெகட்டிவ் பத்திரமா இருந்துச்சு, கொடுத்தேன். உங்க போன் தண்ணியில விழுந்தா எதைக் கொடுப்பீங்க, சொல்லுங்க! (கைதட்டல்)