வயல் தந்த குழம்பும் வயலுக்கு வந்த நஞ்சும்



1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள். அவர்கள் நினைவில் கூடியுள்ள நாம் சோற்றைப் பற்றிப் பேசாமல் வேறு எதைப் பேசுவது? அந்த மக்கள் கேட்டது, அறுத்த நெல்லில் கொஞ்சம் கூடுதல் கூலி.

அந்தக் காலத்தை எண்ணிப் பாருங்கள். 1960களின் தொடக்கத்தில் தஞ்சை மாவட்டம் தீவிர வேளாண்மைத் திட்டத்துக்குத் தேர்வானது. ஆடுதுறை 27, ஐ.ஆர். 8 என்று புதிய ரகங்கள் வந்தன. யூரியாவும் பூச்சிக்கொல்லியும் பின்னாலேயே வந்தன. கூடிய விளைச்சல் நிலமுள்ளவர் பத்தாயத்துக்குப் போனது. நஞ்சு எங்கள் உடம்புக்கு வந்தது.

எங்களுக்கு நிலம் இல்லை. ஆனாலும் கூலிக்கு மேல் ஒன்றை வயல் எங்களுக்குக் கொடுத்தது. வரப்பு வளையில் நண்டு, சேற்றில் நத்தை, வாய்க்காலில் கெளுத்தி, விரால், தண்ணீர் நின்ற இடத்தில் ஆரைக்கீரை. நடவு முடிந்து கரையேறும் பெண்ணின் மடியில் அன்றைய குழம்பு இருந்தது. குருணை மருந்து நண்டையும் மீனையும் கொன்றது. களைக்கொல்லி கீரையைக் கொன்றது. எந்த விளைச்சல் கணக்கிலும் இந்த இழப்பு ஏறவில்லை.

நஞ்சுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் மருந்து. 'மருந்து அடிக்க ஆள் வேணும்' என்றுதான் சேரிக்கு வந்து கூப்பிடுகிறார்கள். கையுறை கிடையாது, முகமூடி கிடையாது. வெறுங்காலோடு டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு காற்றுக்கு எதிரே நடக்கிறோம். தற்கொலைகளைத் தடுக்க 2023இல் தமிழக அரசு மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட ஆறு பூச்சிக்கொல்லிகளை 60 நாட்களுக்குத் தடை செய்தது. நல்லது. 61ஆம் நாள் அதை அடிக்கிறவர் உடம்புக்கு யார் பொறுப்பு?

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை. தீட்டிய அரிசியால் வயிற்றை நிரப்பும் வீட்டில் சத்துக்கு வழி ஏது? ரேஷன் அரிசியில் இரும்புச்சத்தைச் சேர்த்துத் தந்தார்கள். வயலில் கீரையையும் மீனையும் அழித்துவிட்டு, ஆலையில் சத்தைக் கலந்தார்கள்.

இதற்கு விடை பழைய வேளாண்மைக்குத் திரும்புவது என்கிறார்கள் சிலர். எந்தப் பழைய வேளாண்மை? சாணிப்பாலும் சவுக்கடியும் இருந்த பண்ணைக்கா? அந்த மண்ணில் நஞ்சு இல்லாமல் இருந்திருக்கலாம். அந்த ஊரில் இருந்தது. இயற்கை அங்காடியும் எங்களுக்கு விடை அல்ல; அதன் விலை எங்கள் கூலிக்கு எட்டாது. உண்பவர் தட்டில் நஞ்சு கூடாது என்பது நியாயமான குரல். விளைவிப்பவர் உடம்பிலும் கூடாது என்று அதே குரல் சொல்ல வேண்டும்.

ஆகவே நாம் கேட்பது இவை. கொடிய பூச்சிக்கொல்லிகளுக்கு நிரந்தரத் தடை. மருந்து அடிப்பவருக்குப் பாதுகாப்புக் கருவி, இலவச மருத்துவப் பரிசோதனை, இழப்பீடு. ரேஷனில் பருப்போடு சிறுதானியமும். இவற்றுக்கெல்லாம் அடிப்படையாக நிலம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நமக்கென ஒதுக்கப்பட்டுக் கைமாறிப்போன பஞ்சமி நிலங்கள் திரும்ப வேண்டும். என்ன விதைப்பது, எதைத் தெளிக்காமல் விடுவது என்று முடிவு செய்யும் உரிமை நிலமுள்ளவருக்கே இருக்கிறது.

வெண்மணியில் கேட்ட கூலி நெல்லின் கேள்வி இன்னும் முடியவில்லை. அந்த நெல்லில் என்ன இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கேட்போம்.

ஜெய்பீம்.