ஆமைக் குஞ்சுக்கு ஒரு முற்றம்



ஆமை என்றதும் நம்மவர் மனத்திலே முதலில் எழுவது ஒரு பழமொழி. ஆமை புகுந்த வீடு விளங்காது என்று சொல்லிச் சொல்லியே, வேலியோரமாக ஊர்ந்துவந்த அந்த வாயில்லாப் பிராணியைத் தடியால் தள்ளிவிடும் வழக்கம் நம் கிராமங்களில் இன்னும் முற்றாக மறையவில்லை. வள்ளுவரோ அதே ஆமையை அடக்கத்துக்கு உவமையாக எடுத்தாண்டு பெருமைப்படுத்தினார். இவ்விரண்டிலும் சேராது, ஆமையைக் குழந்தைபோல வீட்டுக்குள்ளே வைத்து வளர்க்கும் வழக்கமொன்றும் உலகில் உண்டு. அதைப் பற்றியே இன்று பேச எண்ணியுள்ளேன்.

ஆயின், ஒன்றை முதலிலேயே கூறிவிடுதல் வேண்டும். நம் நாட்டில் இது கூடாது. இலங்கையின் உலர்வலயத்துப் பற்றைக் காடுகளிலே வாழும் நட்சத்திர ஆமை, 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தாலும் அதன் பின்வந்த திருத்தங்களாலும் காக்கப்பட்டுவரும் உயிரினமாகும். அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையின் முதலாம் பின்னிணைப்பிலும் 2019ஆம் ஆண்டில் அது சேர்க்கப்பட்டது. கருமையான ஓட்டின்மேல் மஞ்சட் கதிர்கள் விரியும் அதன் அழகே அதற்குப் பகையாயிற்று. வளவுக்குள் ஒன்று வழிதவறி வந்தால், பெட்டியில் இட்டு வைக்காமல் வனசீவராசிகள் திணைக்களத்தாருக்கு அறிவிப்பதே முறை.

அப்படியானால் இந்தப் பேச்சு எவருக்காக என்று நேயர்கள் வினவலாம். நம்முள் எத்தனையோ பேருடைய மக்களும் மருமக்களும் இங்கிலாந்திலும் பிற மேலை நாடுகளிலும் வாழ்கின்றார்கள். அங்கே, கூட்டிலேயே பிறந்து முறையான சான்றிதழோடு விற்கப்படும் ஆமைக் குஞ்சுகளை வளர்க்கச் சட்டம் இடந்தருகின்றது. பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகும் பாட்டனும் பாட்டியும், பிள்ளை பாடசாலைக்கும் பெற்றோர் வேலைக்கும் போனபின், பகல் முழுவதும் அந்த ஆமையோடு தனித்திருக்கின்றார்கள். காவல் அவர்கள் கைக்கு வந்துவிடுகின்றது. அது எப்படிப்பட்ட காவல் என்பது அவர்களுக்கு எவரும் சொல்லித் தருவதில்லை.

இங்கிலாந்தில் இவ்வாறு வளர்க்கப்படுவன பெரும்பாலும் மத்தியதரைக் கடலோரத்து ஆமைகள். ஹேர்மன் ஆமை என்பது அவற்றுள் நன்கறியப்பட்ட ஒன்று. ஒரு காலத்தில் இத்தகைய ஆமைகள் மொறோக்கோ முதலிய நாடுகளிலிருந்து பெருந்தொகையாகக் கப்பலேறின. முதற் குளிர்காலத்தைக் காணாமலே மாண்டவை பல. ஓட்டின் விளிம்பிலே துளையிட்டுக் கயிற்றில் கட்டிவைத்தோரும் இருந்தனர். ஓடு என்பது ஆமை போட்டிருக்கும் சட்டையன்று. விலா எலும்புகளும் முதுகெலும்பும் ஒன்றாகி விரிந்த உடம்பே அது. அதிலே குருதி ஓடுகின்றது, நோவு தெரிகின்றது. ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1984ஆம் ஆண்டில் அந்த இறக்குமதி வணிகத்தைத் தடைசெய்தது. இப்போது விற்கப்படுவன வளர்ப்பிடங்களில் பொரித்த குஞ்சுகளேயாம்.

குஞ்சு எவ்வளவு பெரிது? பொரித்த ஹேர்மன் ஆமைக் குஞ்சின் நீளம் மூன்றரை சென்ரிமீற்றர் அளவே. நிறை 10 முதல் 15 கிராம். உள்ளங்கையில் வைத்தால் ஒரு பாக்குப்போல இருக்கும். ஓடும் இன்னும் இறுகவில்லை. விரலால் அழுத்தினால் வளையும். ஆமைக்கு ஓடிருக்கின்றதே, அதற்கென்ன ஆபத்து என்று நாம் நினைப்பது முதிர்ந்த ஆமையைப் பார்த்து. குஞ்சுக்கு அந்தக் கவசம் இன்னும் கைகூடவில்லை.

இனி அதன் கூட்டுக்குள்ளே நேரும் விபத்துகளைப் பார்ப்போம். எல்லாவற்றிலும் தலையாயது, கவிழ்ந்து மல்லாந்து கிடத்தல். குஞ்சு ஆமைக்கு மூலையென்றால் ஒரு மோகம். சுவரும் சுவரும் சேருமிடத்தில் முன்கால்களை ஊன்றி எழுந்து, அப்பால் ஏதோ இருக்கின்றது என்று தேடும், கால் வழுக்கும், முதுகு நிலத்திலே விழும். ஆமையின் நுரையீரல்கள் முதுகோட்டை ஒட்டி அமைந்திருப்பவை. மல்லாந்தபோது குடலும் ஈரலும் மற்றெல்லா உறுப்புகளும் அவற்றின்மேற் சுமையாகின்றன. நமக்குள்ளதுபோன்ற உதரவிதானமும் அதற்கில்லை. கால்களையும் உடற்றசைகளையும் அசைத்தே மூச்சு வாங்குகின்றது. நிமிர்வதற்காகக் காலை உதைத்து உதைத்துக் களைத்துப்போன குஞ்சுக்கு மூச்சும் களைத்துவிடுகின்றது.

ஆமை நிமிரும் வித்தையைக் கணித அறிஞர்களும் ஆராய்ந்திருக்கின்றார்கள் என்றால் வியப்பாக இருக்கும். ஹங்கேரி நாட்டைச் சேர்ந்த டொமோகொஷ், வார்கொனி என்னும் இருவர், எப்படிக் கவிழ்த்து வைத்தாலும் தானே உருண்டு ஒரே நிலைக்கு வந்து நிற்கும் வடிவமொன்றை 2006ஆம் ஆண்டில் அமைத்தனர். உள்ளே ஈயக்குண்டு வைத்த தலையாட்டிப் பொம்மை போன்றதன்று அது. முழுவதும் ஒரே பொருளால் ஆனது. பின்னர் அவர்கள் ஆமைகளின் ஓடுகளை அளந்து 2008ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். தட்டையான ஆமைகள் நீண்ட கழுத்தை ஊன்றி நிமிர்கின்றன. குவிந்த முதுகுடையவை உருண்டே நிமிர்ந்துவிடுகின்றன. அவர்கள் வடிவத்துக்கு மிக நெருங்கி வந்தது எது தெரியுமா? நம் நாட்டுக் காட்டிலும் வாழ்கின்ற நட்சத்திர ஆமைதான்! கணிதம் காகிதத்தில் எழுதப்படுமுன்னரே இயற்கை அதை ஓட்டில் எழுதிவைத்திருந்தது.

ஆனால் உருளவும் ஊன்றவும் நிலம் வேண்டுமன்றோ? காட்டிலே மண்ணுண்டு, வேருண்டு, சருகுண்டு. கால்பட்ட இடத்தில் ஏதேனும் ஒரு பிடி கிடைக்கும். கடதாசி விரித்த தட்டிலும் வழவழப்பான பெட்டியிலும் அந்தப் பிடி கிடையாது. எனவே கூட்டின் தரையிலே மண்ணும் தும்புத் தூளும் கலந்து, குஞ்சின் உயரத்துக்குக் குறையாமற் பரப்புதல் வேண்டும். அதிலே சிறு செடிகளை நட்டுவைத்தால் பிடிப்புக்கும் ஆகும், ஒளிந்திருக்கவும் ஆகும். மூலைகளை மண்ணணைத்து வட்டமாக்கிவிட்டால் ஏறும் ஆசையும் பாதி அடங்கும்.

கவிழ்வதைவிடக் கொடியது, கவிழ்ந்த இடம். குளிர்நாட்டில் ஆமைக்கு வெயிலுக்குப் பதிலாக மின்குமிழ் எரிகின்றது. அதன் கீழே 32 முதல் 35 பாகை செல்சியஸ் வரை வெப்பமிருக்கும். கூட்டின் மறுமுனையில் 20 பாகை அளவாக இருக்கவேண்டும். உடம்பு சூடேறியதும் ஆமை மறுமுனைக்கு நகர்ந்துவிடும். தன் உடம்பின் சூட்டைத் தன் கால்களாலேயே ஆளும் உயிரினம் அது. மின்குமிழின் கீழ் மல்லாந்த குஞ்சுக்கோ நகரக் கால்களில்லை.

இங்கிலாந்தில் வாழும் என் பழைய மாணவி ஒருத்தி இதை எனக்கு எழுதியிருந்தாள். அவள் மகளுக்கு ஒன்பது வயது. கடைக்காரர் சொன்னபடி மின்குமிழுக்கு நேர் கீழே ஒரு தட்டைக் கல்லை வைத்திருந்தார்கள். ஒரு சனிக்கிழமை பிள்ளை தமிழ்ப் பாடசாலைக்குப் போய்த் திரும்பியபோது, குஞ்சு அந்தக் கல்லருகே மல்லாந்து கிடந்தது. உயிரில்லை. வீட்டிலே ஆளில்லாமலில்லை, அடுத்த அறையிலே பாட்டி இருந்தார். பிள்ளை அழவில்லையாம். “அது அப்பம்மாவைக் கூப்பிட்டதா?” என்று மட்டும் கேட்டாளாம். இதற்கு என்ன மறுமொழி சொல்வது என்று தாய் என்னைக் கேட்டிருந்தாள்.

உள்ளதைச் சொல்லும்படி எழுதினேன். நாய்க்குட்டி முனகும், கோழிக்குஞ்சு கீச்சிடும், ஆமைக் குஞ்சுக்கு ஆபத்திலே உதவி கேட்டு எழுப்பும் குரல் கிடையாது. பாட்டி செவிகொடுக்கவில்லை என்பதன்று. கேட்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. இதை அந்தப் பிள்ளை விளங்கிக்கொண்டபின்பே பாட்டியோடு பழையபடி பேசினாள் என்று பின்னர் அறிந்தேன். பிள்ளைகளிடம் மரணத்தை மூடிமறைக்கும் பெரியோரை நான் பாடசாலையிலும் கண்டிருக்கின்றேன். அது எனக்கு ஒருபோதும் உவப்பானதன்று.

ஆகவே ஏறக்கூடிய கல்லையும் கட்டையையும் மின்குமிழின் கீழிருந்து விலக்குக. அந்த இடத்திலே மண்ணோடு மண்ணாகப் பதிந்த ஓட்டுத்துண்டு போதும். மின்குமிழைக் கவ்வியால் மட்டும் மாட்டாமற் சங்கிலியாலும் கட்டுதல் வேண்டும். அது விழுந்தால் ஆமை மட்டுமன்றி வீடே எரியும். நாள்தோறும் குறித்த வேளைகளில் போய்ப் பார்த்துக் குஞ்சு எங்கே இருக்கின்றது என்று அறிவது காவலிருப்போர் கடமை.

அடுத்தது நீர். கடலாமையும் குளத்தாமையும் நீந்தும்; தரையாமை நீந்தாது. நமக்கு ஒரு பிடி நீராகத் தோன்றுவது மூன்றரைச் சென்ரிமீற்றர்க் குஞ்சுக்குக் குளமாகும். விளிம்புயர்ந்த கோப்பையிலே இறங்கியது ஏறமாட்டாது, கவிழ்ந்தாலோ மூழ்கிவிடும். நீர்த்தட்டு ஆழமற்றதாய், சொரசொரப்பானதாய், மண்மட்டத்துக்குப் புதைக்கப்பட்டதாய் இருக்கட்டும். நின்ற குஞ்சின் தாடையை எட்டாத அளவே நீர். இதற்கஞ்சி நீரையே வைக்காமல் விடுவாரும் உளர். அது மற்றொரு கேடு. குஞ்சு எளிதில் வாடிப்போகும். இளஞ்சூடான நீரிலே பத்து நிமிடம் நிறுத்தி, அருகிலேயே இருந்து பார்த்து எடுப்பது நன்று.

இவ்விடத்தில் ஓர் ஆங்கில ஆமையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. கில்பேட் வைற் என்னும் பாதிரியார், தம் அத்தையார் வீட்டில் ஏறத்தாழ 40 ஆண்டு வாழ்ந்த திமத்தி என்ற ஆமையை 1780ஆம் ஆண்டில் 80 மைல் தூரம் குதிரை வண்டியிலே ஏற்றித் தம் ஊராகிய செல்போணுக்குக் கொண்டுவந்தார். 1789இல் வெளிவந்த அவருடைய நூலிலே திமத்திக்குத் தனியிடம் உண்டு. மழைத்துளிக்கு அது அஞ்சியோடும் என்றும், பள்ளத்தின் விளிம்புக்கு வந்தால் தயங்கிப் பின்வாங்கும் என்றும், கிணற்றில் விழாத அறிவு அதற்குண்டு என்றும் அவர் குறித்துள்ளார். ஆணென்று கருதிப் பெயரிட்ட அந்த ஆமை உண்மையில் பெண் என்பது அது இறந்த பின்னரே தெரியவந்தது! அதன் ஓடு இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் இருக்கின்றது. திமத்தியின் அறிவைக் குஞ்சிடம் எதிர்பார்த்தல் ஆகாது. அது பள்ளத்துக்கு அஞ்சினும் சுவரில் ஏற அஞ்சாது.

சுவரைப் பற்றிச் சொல்லுங்கால், கண்ணாடிச் சுவர் நமக்கு அழகு, ஆமைக்குத் துன்பம். அப்பாலுள்ளது தெரிவதனால் வழியுண்டு என்றெண்ணி நாள் முழுவதும் முட்டிக்கொண்டே திரியும். மரப்பலகையே நல்லது. கண்ணாடிதான் உண்டெனில் கீழ்ப்பாகத்தைக் கடதாசியால் மறைத்துவிடலாம். கம்பிவலையைப் பக்கச் சுவராக வைப்பது தகாது. கண்ணிலே கால் நுழைத்து ஏறிவிடும், தலையும் சிக்கும். ஆனால் கோடையில் வெளியே புல்லில் விடும்போது மேலே வலைமூடி இல்லாமல் விடலாகாது. காகம் அங்கும் உண்டு. இளகிய ஓட்டைக் கொத்திப் பிளக்க அதற்கு நேரமாகாது. வீட்டு நாயை நம்புவோரும் பலர். நாய் பகையினால் கடிப்பதில்லை, எலும்பென்று கடிக்கின்றது. ஓடு எலும்புதானே!

சிறியன சில உண்டு. துணியின் நூல் காலிலே சுற்றினால் குருதியோட்டம் நின்றுவிடும். பளபளக்கும் சிறு கற்களைக் குஞ்சு விழுங்கும். அலரி இலை நஞ்சு. பிள்ளை ஆமையைக் கையில் வைத்திருப்பதானால் நின்றுகொண்டு வைத்திருக்கக் கூடாது. தரையில் அமர்ந்து மடியில் வைத்துக்கொள்ளட்டும். அறைக்குள் உலாவ விடுவதையும் நான் விரும்பேன். கதவு திறப்பவர் கீழே பார்த்துத் திறப்பதில்லை.

குளிர்காலம் வந்ததும் மத்தியதரை ஆமை உறங்கப் போகின்றது. முன்னாளில் வைக்கோற் பெட்டியிலிட்டு வெளிக் கொட்டிலில் வைப்பர். உறங்கும் ஆமையின் காலை எலி தின்றுவிட்ட நிகழ்ச்சிகள் உண்டு. இக்காலத்தில், நம்புவதற்குச் சற்றுக் கடினமாயினும், குளிர்சாதனப் பெட்டியிலேயே வைக்கின்றார்கள். நோயற்ற குஞ்சாயின், வைத்தியர் பார்த்து உடன்பட்ட பின்னர், வயிறு வெறுமையானதும், 5 பாகை வெப்பத்திலே சில வாரங்கள் உறங்கவிடுவர். உள்ளே காற்றுப் புகும்படி நாள்தோறும் கதவைச் சற்றுத் திறந்து மூடவேண்டும். ஆகவே நேயர்களே, நீங்கள் விருந்தாகப் போன வீட்டிலே சிறு குளிர்சாதனப் பெட்டியொன்று தனியாக இருந்து, அதனுள்ளே மண் நிறைந்த டப்பா தெரிந்தால், துப்புரவு செய்யும் எண்ணத்தோடு அதை வெளியே எடுத்துவிடாதீர்கள். குளிரைக் கூட்டவோ குறைக்கவோ அதன் திருகியையும் தொடவேண்டாம்.