நோய்க்கு முன்னால் அட்டை வரட்டும்



நூலக வார விழா மேடையில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றிப் பேசுகிறேன் என்றதும் நண்பர்கள் சற்றுத் தயங்கினார்கள். கதை, கவிதை, நாவல் என்று போகிற மேடை இது. ஆனால் அரசாணையும் நாம் வாசிக்க வேண்டிய எழுத்துதான். அதை யாரும் வாசித்துச் சொல்லாததால் நகையை அடகு வைத்தவர்களையும், அடகு வைத்ததை மீட்க முடியாமல் போனவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவனுக்கு, வெளியே நிற்பவரின் முகம் மிக அருகில் தெரியும்.

முதலில் பெருமைப்பட வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். 2009 ஜூலையில் உயிர்காக்கும் உயர் சிகிச்சைக்கான கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012 ஜனவரியில் அது புதிய வடிவம் எடுத்து, ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் என்றானது. 2018-இல் ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்து 5 லட்சமாக உயர்ந்தது. 2022 ஜனவரி 11 முதல் ஐந்தாண்டுகளுக்கு நீட்டித்தார்கள். ஆட்சிகள் மாறின, பெயர் மாறியது, திட்டம் நிற்கவில்லை. இன்றைக்கும் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் ‘கலைஞர் காப்பீடு’ என்கிறார்கள், அடுத்த வீட்டில் ‘அம்மா காப்பீடு’ என்கிறார்கள். யார் பெயரால் அழைத்தாலும் அதனால் பிழைத்தவர்கள் அந்தத் தெருவில் நடமாடிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு கட்சிக்கும் இதில் பங்கு உண்டு என்பதை இந்த மேடையில் தயங்காமல் சொல்கிறேன்.

இப்போது நடப்பில் இருக்கும் ஏற்பாடு இது. 2022-இல் சுமார் 1.37 கோடி குடும்பங்கள். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 849 ரூபாய் பிரீமியம். அதில் ஒரு ரூபாய்கூட நம் கையிலிருந்து போவதில்லை. முதல் 1 லட்சம் வரை காப்பீட்டு நிறுவனம் தருகிறது, அதற்கு மேல் 5 லட்சம் வரை அரசு நேரடியாக ஏற்கிறது. 2022-இல் புதுப்பித்தபோது 1,090 சிகிச்சைகள், 52 பரிசோதனைகள், 8 தொடர் சிகிச்சைகள் பட்டியலில் இருந்தன. முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு வருமான வரம்பே கிடையாது. இது எத்தனை பேருக்குத் தெரியும்? முகாமில் இருக்கும் உங்கள் நண்பர்களிடம் இன்று இரவே சொல்லுங்கள்.

சிலர் கேட்பார்கள்: “அரசு ஆஸ்பத்திரியில எப்படியும் இலவசம்தானே, அங்க எதுக்கு அட்டை?” இதை எத்தனையோ முறை என் ஜன்னலில் கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்களுக்கு நான் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன். அரசு மருத்துவமனையில் காப்பீட்டின் கீழ் ஓர் அறுவை சிகிச்சை நடந்தால், அதற்கான தொகை அந்த மருத்துவமனையின் கணக்குக்கு வருகிறது. இதயத்தில் வைக்கும் ஸ்டென்ட், முழங்காலில் வைக்கும் செயற்கை மூட்டு, எலும்பில் பொருத்தும் பிளேட் எல்லாம் அந்தப் பணத்தில் வாங்கலாம். கருவி வாங்கலாம், பழுது பார்க்கலாம். உழைத்த மருத்துவருக்கும் செவிலியருக்கும் ஊக்கத்தொகையும் அதிலிருந்து போகிறது. நீங்கள் அட்டையை நீட்டினால் உங்களுக்கு அடுத்த படுக்கையில் நாளை வந்து படுப்பவருக்கும் அது உதவுகிறது. நம் அரியலூருக்கு அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்டது; இந்தக் காப்பீட்டின் புதிய கட்டம் தொடங்கியதற்கு மறுநாள். அதற்கு முன் எதற்கெடுத்தாலும் தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் ஓடியவர்கள் நாம். அந்தக் கல்லூரி மருத்துவமனை வளர வேண்டுமானால் நம் அட்டைகள் அங்கே போக வேண்டும்.

இவ்வளவு நல்ல திட்டத்தில் என்ன குறை என்று கேட்கிறீர்களா? ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்கு உங்களை அழைத்துப் போகிறேன்.

வேறொரு மாவட்டத்தில், திட்டத்தில் சேர்ந்திருக்கிற ஒரு தனியார் மருத்துவமனை. பெயர் வேண்டாம். இன்சூரன்ஸ் கவுண்ட்டர் முன்னால் ஒரு பெண் நிற்கிறாள். முந்திரிக்காட்டு வேலைக்குப் போகிறவள். அவளுடைய கணவர் கொத்தனார். இதயத்தில் வால்வு பழுது, ஆபரேஷன் செய்தாக வேண்டும். பக்கத்து வீட்டுக்காரன் என்ற முறையில் நானும் உடன் போயிருந்தேன். மஞ்சள் பைக்குள் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் இன்னொரு கவர், அதற்குள்ளிருந்து காப்பீட்டு அட்டையை எடுத்துக் கொடுத்தாள். கவுண்ட்டரில் இருந்த பெண் நம்பரைத் தட்டிப் பார்த்தாள், திரும்பவும் தட்டினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

“அக்கா, இது உங்க மாமனார் பேர்ல இருக்கிற கார்டு. உங்களுக்குத்தான் கல்யாணத்துக்கு அப்புறம் ரேஷன் கார்டு தனியா வந்திருச்சே. அதனால இதுல ஏறாதுக்கா. புதுசா போடணும்.”

“எங்க போயி போடணும் பாப்பா?”

“வருமானச் சான்று வாங்கிட்டு, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கிட்டு உங்க ஊர் கலெக்டர் ஆபீஸுக்குப் போகணும். இன்னைக்கு மூடியிருப்பாங்க. திங்கட்கிழமைதான்.”

அந்தப் பெண் மீது எனக்குக் கோபம் இல்லை. அவள் சொன்னது விதி. ஐசியூ கதவுக்கு அந்தப் பக்கம் கணவர். இந்தப் பக்கம் சனி, ஞாயிறு. மருத்துவமனை முன்பணம் கேட்டது. சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. இந்தத் திட்டம் பணமில்லாச் சிகிச்சைத் திட்டம். கட்டியதைத் திருப்பித் தரும் திட்டம் அன்று. திங்கட்கிழமை அட்டை நம்பர் வந்த பிறகு ஆபரேஷனுக்கு அனுமதி கிடைத்தது. அவர் பிழைத்தார், இன்றைக்கும் கட்டடம் கட்டுகிறார். ஆனால் அந்த இரண்டரை நாளுக்குக் கட்டிய பணம் போனது போனதுதான்.

நண்பர்களே, அந்தக் குடும்பம் தகுதியில்லாத குடும்பமா? இல்லை. தகுதி உள்ள குடும்பம்தான் என்று திங்கட்கிழமை அரசே ஒப்புக்கொண்டதே! அப்படியானால் அதே உண்மை வெள்ளிக்கிழமை ஏன் தெரியவில்லை? ரேஷன் அட்டைகள் 2017-இலேயே ஸ்மார்ட் கார்டுகளாகிவிட்டன. யார் எந்தக் குடும்பத்திலிருந்து பிரிந்தார், யார் பிறந்தார், யார் இறந்தார் என்பதெல்லாம் உணவுப் பொருள் வழங்கல் துறையின் கணினியில் இருக்கிறது. புது ரேஷன் அட்டை கையெழுத்தாகும் அன்றே புதுக் காப்பீட்டு எண்ணும் பிறக்க வேண்டும். ஒரு துறையின் கணினி இன்னொரு துறையின் கணினியோடு பேசாததற்கு ஒரு கொத்தனார் மனைவி ஏன் அபராதம் கட்ட வேண்டும்?

அடுத்தது வருமானச் சான்று. இதில்தான் நான் கொஞ்சம் நிற்கப் போகிறேன்.

2012-இல் ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாய். 2022-இல் 1,20,000 ஆக்கினார்கள். அதாவது ஒரு குடும்பத்துக்கு மாதம் 10,000. நூறு நாள் வேலையில் 2025-26-க்குத் தமிழ்நாட்டில் அறிவித்த கூலி நாளுக்கு 336 ரூபாய். கணவனும் மனைவியும் அந்தக் கூலிக்கே ஆண்டுக்கு 200 நாள் வேலைக்குப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,34,400 ரூபாய். வரம்பு தாண்டிவிட்டது! உடலை வருத்தி உழைத்த ஒரே குற்றத்துக்காக அந்த வீட்டுக்கு அட்டை கிடையாது. நடைமுறையில் என்ன நடக்கிறது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். கிராம நிர்வாக அலுவலர் உள்ளதை உள்ளபடி எழுதினால் குடும்பம் வெளியே. இரக்கப்பட்டுக் குறைத்து எழுதினால் உள்ளே. ஒரு ஏழையை உயிர் பிழைக்கப் பொய் சொல்ல வைக்கும் விதி, எவ்வளவு நல்ல எண்ணத்தோடு எழுதப்பட்டிருந்தாலும், மாற்ற வேண்டிய விதி.

வரம்பை எடுத்துவிட்டால் நிதி தாங்குமா என்று கேட்பவர்களுக்கு நம் மாநிலத்தையே காட்டுகிறேன். ரேஷன் அரிசிக்கு வருமானச் சான்று கேட்காத மாநிலம் இது. இந்தியாவே ஏழைகளைப் பிரித்துப் பட்டியல் போட்டபோது, எல்லோருக்குமான பொது விநியோகத்தை விட்டுக்கொடுக்காமல் காப்பாற்றிய மாநிலம். 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சாலையில் அடிபட்டவர் பணக்காரரா, ஏழையா, எந்த மாநிலத்துக்காரர் என்று யாரும் கேட்பதில்லை. முதல் 48 மணி நேரச் செலவை அரசு ஏற்கிறது. லாரி மோதினால் கேட்காத கேள்வியைப் புற்றுநோய் மோதினால் ஏன் கேட்க வேண்டும்? 2024 அக்டோபரில் ஒன்றிய அரசு 70 வயதும் அதற்கு மேலும் ஆன எல்லோரையும் வருமானம் பாராமல் ஆயுஷ்மான் பாரத்தில் சேர்க்கத் தொடங்கியது. மகாராஷ்டிரம் 2023-இல் தன் காப்பீட்டை மாநில மக்கள் எல்லோருக்கும் விரிக்க முடிவெடுத்தது. ராஜஸ்தான் 2021-இல், இலவசத் தகுதி இல்லாத குடும்பங்களும் ஆண்டுக்கு 850 ரூபாய் கட்டிச் சேரலாம் என்று வழி திறந்தது. ஒரேயடியாக முடியாது என்றால் அப்படியாவது தொடங்கலாமே.

தனியார் மருத்துவமனைகளைப் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். “பேக்கேஜ்ல இவ்வளவுதான் வரும், மீதியை நீங்க கட்டுங்க” என்று டிஸ்சார்ஜ் நேரத்தில் கேட்பது விதிமீறல். கேட்டால் ரசீது கேளுங்கள். 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணுக்கு அங்கிருந்தே பேசுங்கள். அதே சமயம் அவர்கள் தரப்பில் ஒரு நியாயமும் இருக்கிறது. பல சிகிச்சைகளுக்கான தொகை இன்றைய செலவுக்குப் போதவில்லை, வர வேண்டிய பணமும் தாமதமாகிறது என்கிறார்கள். அப்படியானால் விலையை ஆண்டுதோறும் திருத்துங்கள், பணத்தைக் கெடு வைத்துக் கொடுங்கள். அதற்குப் பிறகும் நோயாளியிடம் கை நீட்டினால் பட்டியலிலிருந்து நீக்குங்கள். சிகிச்சைக்கான தொகை இவ்வளவு, நோயாளி கட்ட வேண்டியது பூஜ்யம் என்று தமிழில், பெரிய எழுத்தில், கவுண்ட்டருக்கு மேலே எழுதி வைக்கட்டும்.

ஒரு மருந்தாளுநராக இன்னொன்றையும் சொல்லாமல் இறங்க முடியாது. காப்பீடு என்பது பெரும்பாலும் படுக்கையில் படுத்த பிறகு வருகிற பணம். மக்களின் கைப்பணத்தைக் கரைப்பதில் மாத்திரைக்குப் பெரிய பங்கு. நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் நேரடியாகத் தங்கள் கையிலிருந்து கொடுப்பது 2013-14-இல் 64.2 சதவீதமாக இருந்தது, 2021-22-இல் 39.4 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. நல்ல செய்திதான். ஆனால் இன்னும் நூற்றுக்கு நாற்பது. டயாலிசிஸுக்குக் காப்பீடு உண்டு. அந்தச் சிறுநீரகத்தைக் கெடுத்த சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை ஒழுங்காகக் கிடைத்திருந்தால் நோயாளிகளில் பலருக்கு டயாலிசிஸே தேவைப்பட்டிருக்காது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இந்த இடத்தைத்தான் தொட்டது. மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அந்தத் திட்டத்தின் பதிவேடும் காப்பீட்டுப் பதிவேடும் ஒன்றாக வேண்டும். ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவரின் தொடர் மருந்து, அடுத்த மாதமே அவர் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர் பெயர் எழுதிக் காத்திருக்க வேண்டும்.

2025 ஆகஸ்ட் முதல் சனிக்கிழமைகளில் நடந்த ‘நலம் காக்கும் ஸ்டாலின்’ முகாம்களில், பரிசோதனையோடு காப்பீட்டு அட்டைக்கும் அங்கேயே பதிந்தார்கள். வரவேற்கிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூடிப்போகிற அலுவலகத்தை நம்பி நின்றவர்களுக்கு, சனிக்கிழமை திறந்திருக்கும் ஒரு மேசை எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது எனக்குத் தெரியும். முகாமில் செய்ய முடிந்ததை ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும் எல்லா நாளும் செய்ய முடியும்.

காப்பீட்டின் நடப்பு ஐந்தாண்டுக் காலம் 2027 ஜனவரி 10-ஆம் தேதியோடு முடிகிறது. அடுத்த கட்டத்துக்கான விதிகள் அதற்குள் எழுதப்பட்டுவிடும். எழுதிய பிறகு கத்திப் பயனில்லை. எழுதும்போதே நம் குரல் போய்ச் சேர வேண்டும்.

ஆகவே இரண்டு வேலைகளை உங்களிடம் ஒப்படைக்கிறேன். இன்று வீட்டுக்குப் போனதும் ரேஷன் அட்டையையும் காப்பீட்டு அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரேஷன் அட்டையில் இருக்கும் பெயர்கள் எல்லாம் காப்பீட்டிலும் இருக்கின்றனவா, கல்யாணமாகிப் பிரிந்த பிள்ளைக்குத் தனி அட்டை வாங்கியாகிவிட்டதா என்று பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பக்கத்து வீட்டுக்கும் நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்; வாசகர் வட்டம் என்று பெயர் வைத்திருக்கிறோம், அந்த வாசிப்பு அவர்களுக்கும் பயன்படட்டும்.

இரண்டாவது, அடுத்த கிராம சபைக்குக் கட்டாயம் போங்கள். ரேஷன் அட்டை உள்ள எல்லாக் குடும்பங்களுக்கும் வருமானச் சான்று இல்லாமல் காப்பீட்டு அட்டை வழங்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவாருங்கள். அது தீர்மானப் புத்தகத்தில் ஏறிவிட்டதா என்று கண்ணால் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.