மாத்திரைக்கு அப்பால்

திருப்பூர் பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர் மனநல மாத்திரை வாங்க லீவு போட்டால் அன்றைய கூலி போச்சு. வெளியூர்க்காரர் என்றால் நினைவூட்டவும் ஆளில்லை. சிகிச்சை அறுபடுவது இப்படித்தான். அதனால்தான், வீடு தேடிப்போய் விசாரித்து, குடும்பத்தோடு பேசி, வேலைக்குத் திரும்ப வழிசெய்யும் ஒரு பொறுப்பாளர் வேண்டும் என்கிறேன். காஞ்சிபுரம், கோவா, சத்தாராவில் மனச்சிதைவு உள்ள 282 பேரிடம் நடந்த ஆய்வு 2014இல் லான்செட் இதழில் வெளியானது. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்களின் துணையும் கிடைத்தவர்களுக்கு, மருத்துவமனைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட அறிகுறிகளும் முடக்கமும் சற்றுக் கூடுதலாகவே குறைந்தன. செலவு அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் வேலையிழந்த குடும்பம் சுமக்கும் செலவை யார் கணக்கில் எழுதுகிறோம்?

கம்பெனிக்குத் தெரிந்துவிடுமே என்ற அச்சம் இன்னும் நியாயமானது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியம் காக்கப்படுவதை நோயாளியின் உரிமையாக்கியிருக்கிறது. அவர் சம்மதமின்றிப் பொறுப்பாளர் சூப்பர்வைசரிடம் வாய் திறக்கக் கூடாது. உதவி தேடுவோர் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416ஐ அழைக்கலாம்; தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் பேசலாம்.