வண்டிக்கு வரி, ஓட்டுபவர் மேல் கண்

(இறக்காமத்துக்கு வந்திருந்த தோட்டக் குடும்பங்கள் மத்தியில் ஆற்றிய உரை)

மலைநாட்டிலிருந்து எங்கட ஊருக்கு வந்திருக்கும் தாய்மாரே, தகப்பன்மாரே, தம்பி தங்கைமாரே,

நாங்கள் வயல் செய்யிற ஆட்கள். நீங்கள் கொழுந்து பறிக்கிற ஆட்கள். உழவுக்கு எங்களுக்கு லேண்ட்மாஸ்டர் வேண்டும். ராத்திரியில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் உங்கட லயத்தடிக்கு ஓட்டோ வர வேண்டும். ஆகவே வாகன வரியைப் பணக்காரர் காரியம் என்று நாம் விட்டுவிட ஏலாது. பக்கத்து ஊரின் பெயரே வரிப்பத்தான்சேனை. வரியைப் பற்றிப் பேச எங்களுக்கும் கொஞ்சம் உரிமை உண்டுதானே!

"எங்களிடம் வாகனமே இல்லையே, எங்களுக்கு என்ன வரி?" என்று நீங்கள் கேட்கலாம். 2024 ஜனவரி 1 முதல் வற் வரி 15 வீதத்திலிருந்து 18 வீதமானது. அதுவரை விலக்கில் இருந்த பெற்றோலும் டீசலும் அன்று அந்த வரிக்குள் வந்தன. எங்கட நெல்லை ஏற்றிப் போகும் லொறியும் டீசலில்தான் ஓடுகிறது. உங்கட மரக்கறியை இறக்கி வரும் லொறியும் அப்படித்தான். வரியை லொறிக்காரர் கட்டினாலும் அது கடைசியில் உங்கட சோற்றுக் கோப்பையில் வந்து விழுகிறது.

அடுத்தது வாகன விலை. டொலர் தட்டுப்பாட்டால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. அதுவும் பாரமான வரிகளோடு. இடையில் பழைய ஓட்டோவும் மோட்டார் சைக்கிளும் தங்கம் போல விலை ஏறின. புதியது வாங்க வழியில்லாதவன் பழையதைத் தேடுகிறான். செலவைக் குறைக்கப் பெயர் மாற்றாமல், கையெழுத்திட்ட "ஓபன் பேப்பர்" மாத்திரம் வாங்கி ஓடுகிறான். இப்படி இரண்டு மூன்று கை மாறிய வண்டிகள் எல்லா ஊரிலும் உண்டு.

இங்கேதான் வரியும் கண்காணிப்பும் சந்திக்கின்றன.

யுத்த காலத்தில் சோதனைச் சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி, அடையாள அட்டையை நீட்டி நடந்த அனுபவம் எங்களுக்கும் உண்டு, உங்களுக்கும் உண்டு. இப்போது அந்த வேலையைக் கணினியும் கமராவும் செய்கின்றன. 2022இல் எரிபொருள் வரிசை நீண்ட காலத்தை நினைத்துப் பாருங்கள். அந்த ஜூனில் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபா. உங்கட அன்றைய நாட்சம்பளம் 1000 ரூபா. ஏறக்குறைய அரை நாள் உழைப்பு ஒரு லீற்றருக்குப் போனது. ஜூலையில் கியூஆர் அட்டை வந்தது. அடையாள அட்டை இலக்கமும், வண்டி இலக்கமும், செஸி இலக்கமும் கொடுத்துப் பதிய வேண்டியிருந்தது. 2023 செப்டம்பரில் அந்த முறை நிறுத்தப்பட்டது. அந்த அட்டையால் வரிசை குறைந்தது, நியாயமாகப் பங்கு கிடைத்தது என்பதை மறுக்க மாட்டோம். ஆனால் கொடுத்த விபரத்தை யார் பார்க்கிறார்கள், எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்று கேட்பது குற்றமல்ல.

2024 ஜனவரி 22 முதல் கொழும்பில் கமராவைப் பார்த்துப் போக்குவரத்துக் குற்றம் பிடிக்கும் முறை தொடங்கியது. கமரா பிடிப்பது இலக்கத் தகட்டை. கடிதம் போவது பதிவிலே பெயர் உள்ளவருக்கு. நீங்கள் எப்போதோ விற்ற வண்டி கொழும்பில் சிவப்பு விளக்கைத் தாண்டினால், பொலிஸ் தேடி வருவது உங்கட லயத்துக்குத்தான். அந்த வண்டியில் யாராவது அடிபட்டாலோ, கள்ளச் சாமான் ஏற்றினாலோ முதல் விசாரணையும் உங்களிடம்தான். ஒரு நாள் வேலை போனால் ஒரு நாள் சம்பளம் போகிற வீட்டுக்கு இது சின்னக் கஷ்டமல்ல.

ஆகவே நாங்கள் சொல்வது நான்கு காரியம்.

ஒன்று, விற்றால் 14 நாளுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள், பிரதியை வைத்திருங்கள். வாங்கினால் உடனே பெயரை மாற்றுங்கள்.

இரண்டு, வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்தைத் தவணைக்குள் புதுப்பியுங்கள். காப்புறுதியும் புகைப் பரிசோதனையும் முன்கூட்டியே முடிந்திருக்க வேண்டும்.

மூன்று, வேறொருவர் வண்டியை உங்கட பெயரில் பதிய அடையாள அட்டையைக் கொடுக்காதீர்கள். சொந்தக்காரராக இருந்தாலும் சரி, கங்காணியாக இருந்தாலும் சரி.

நான்கு, கேள்வி கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எந்தக் குடிமகனும் அரச அலுவலகத்தில் தகவல் கேட்கலாம். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானிக்க வேண்டும். சொந்த விபரங்களைக் காக்க 2022இல் 9ஆம் இலக்கச் சட்டமும் நிறைவேறியது. கேட்கத் தெரியாத ஊருக்குச் சட்டம் வந்து சேர நாளாகும்.

வரி கட்டுவோம். றோட்டும் ஆஸ்பத்திரியும் அதில்தான் வருகின்றன. ஆனால் எங்களைப் பார்க்கிற அரசாங்கத்தை நாங்களும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தோட்டத்துக்குத் திரும்பியதும், வண்டி வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் பதிவுப் புத்தகத்தை எடுத்து, அதில் யாருடைய பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.