நாய்க்குட்டியின் பெருத்த வயிறு

(தோட்ட மண்டபத்தில் நடைபெற்ற சுகாதாரக் கூட்டமொன்றில் தகவல் அதிகாரி ஆற்றிய உரை)



நம் லயத்து வாசலில் படுத்திருக்கும் நாயையும் அதன் குட்டிகளையும் பற்றி இன்று உங்களிடம் பேச வந்திருக்கிறேன். "நாய்க்குட்டிக்கு ஒரு கூட்டமா?" என்று சிலர் நகைக்கலாம். ஆயினும் அந்தக் குட்டியின் குடலில் வாழும் புழு, அதனோடு விளையாடும் நம் குழந்தையின் உடலிலும் புகக்கூடியது. இதனை அறிந்தால், இது நம் வீட்டுச் செய்தியே என்பது விளங்கும்.

இந்தப் பணிக்கு வருமுன் நான் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியனாக இருந்தேன். மூன்றாம் ஆண்டில் பயின்ற மாணவன் ஒருவன், தன் வீட்டு நாய் ஈன்ற ஐந்து குட்டிகளைக் காட்ட ஒரு நாள் மாலை என்னை அழைத்துச் சென்றான். "பாருங்க சார், வயிறு முட்டப் பால் குடிச்சிருக்கு!" என்று பெருமையோடு சொன்னான். குட்டிகளின் வயிறு பானைபோல் உருண்டிருந்தது. நானும் அதனைக் கொழுமை என்றே எண்ணி மகிழ்ந்தேன். முதுகெலும்பு துருத்தி நின்றதையும், ஈறு வெளுத்திருந்ததையும் கவனிக்கவில்லை.

பத்து நாட்களுக்குள் மூன்று குட்டிகள் மாண்டன. நான்காவது குட்டி, நூலைச் சுருட்டி வைத்தாற்போன்ற வெள்ளைப் புழுக்களை வாந்தியெடுத்தது. அக்கம்பக்கத்தார் கண்ணேறு என்றனர். நானோ, "இது சீக்கு நாய், எஞ்சியவற்றைக் கொண்டுபோய்த் தோட்டத்து எல்லையில் விட்டுவிடு" என்று அச்சிறுவனிடம் சொன்னேன். ஆசிரியர் சொல்லைத் தட்டாத பிள்ளை. அழுதுகொண்டே அவ்வாறு செய்தான். சில மாதங்கள் சென்றபின், கால்நடை மருத்துவ அதிகாரி ஒருவர் எங்கள் வட்டாரத்தில் பேசக் கேட்டேன். உரிய காலத்தில் புழு மருந்து கொடுத்திருந்தால் அக்குட்டிகளைப் பிழைக்க வைத்திருக்கலாம் என்பதை அன்றுதான் அறிந்தேன். அந்த மாணவனுக்கு நான் சொல்லத் தவறிய பாடத்தையே இன்று உங்கள்முன் சொல்லுகிறேன்.

அன்பர்களே, "பிறந்து மூன்று வாரங்கூட ஆகாத குட்டிக்குப் புழு எங்கிருந்து வந்தது?" என்று நீங்கள் கேட்கலாம். தாயிடமிருந்துதான் வருகிறது. உருளைப்புழுவின் மிகச் சிறிய குஞ்சுகள் தாய்நாயின் தசைகளில் உறங்கிக் கிடக்கின்றன. நாய் சினையானதும் அவை விழித்தெழுந்து, கருவிலிருக்கும் குட்டியின் உடலுக்குள் சென்றுவிடுகின்றன. ஆகவே குட்டி பிறக்கும்போதே புழுவோடுதான் பிறக்கிறது. மூன்று வாரங்களில் அப்புழுக்கள் குடலில் வளர்ந்து முட்டையிடத் தொடங்குகின்றன. ஒரு பெண்புழு நாளொன்றுக்கு ஓர் இலட்சத்துக்கு மேலும் முட்டைகளை இடவல்லது.

மற்றொன்று கொக்கிப்புழு. இது பெரும்பாலும் தாய்ப்பாலின் வழியே குட்டிக்குச் செல்கிறது. ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளமே உள்ள இப்புழு, குடலின் சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சுகிறது. சிறு குட்டியின் உடலில் இருக்கும் இரத்தமே கொஞ்சம். அதனை நூற்றுக்கணக்கான புழுக்கள் உறிஞ்சினால் என்னாகும்? ஈறு வெளுக்கும், மலம் கறுத்துத் தார்போல் போகும், குட்டி சோர்ந்து பால் குடிக்க மறுக்கும். மலத்தில் முட்டை காணப்படுமுன்பே குட்டி இறந்துபோவதும் உண்டு.

மலத்தின்மேலும் வாலடியிலும் அரிசிமணிபோல் காணப்படுபவை நாடாப்புழுவின் துண்டுகள். உண்ணியைப் போலவே நாயின் உடலில் தொற்றும் தெள்ளுப்பூச்சிகளை நாய் கடித்து விழுங்குவதால் இவ்வகைப் புழு வருகிறது. தெள்ளை ஒழிக்காமல் நாடாப்புழுவை மட்டும் ஒழிக்க முடியாது.

இனி, மருத்துவத்துக்கு வருவோம். குட்டி பிறந்த இரண்டாம் வாரம் முதல் மருந்து தொடங்க வேண்டும். இரண்டு, நான்கு, ஆறு, எட்டு ஆகிய வாரங்களில் ஒவ்வொரு முறையும், அதன்பின் ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறையும், பின்னர் மூன்று மாதங்களுக்கு ஒரு முறையும் கொடுக்க வேண்டும். "ஒரு முறை கொடுத்தோம், புழு விழுந்தது, போதும்" என்று பலர் நிறுத்திவிடுகின்றனர். அது தவறு. மருந்து, அன்று குடலில் இருக்கும் புழுவைத்தான் கொல்லும். உடலின் பிற பகுதிகளில் திரியும் குஞ்சுகள் பின்னர் குடலுக்கு வந்து சேரும். அவற்றை வளர விடாமல் தடுப்பதற்கே இரண்டு வாரத்துக்கொரு முறை என்று வைத்திருக்கிறார்கள். குட்டிகளுக்குக் கொடுக்கும் நாளிலேயே தாய்நாய்க்கும் கொடுக்க வேண்டும். தாயை விட்டுவிட்டால், ஒரு பக்கம் துடைத்து மறுபக்கம் அழுக்காக்கிய கதையாகும்.

சிறு குட்டிகளுக்குப் பைரன்டல் என்னும் மருந்து பெரிதும் பயன்படுகிறது. ஆனால் அது நாடாப்புழுவைக் கொல்லாது. அதற்குப் பிராசிகுவான்டல் என்னும் வேறு மருந்து தேவை. எந்த மருந்தாயினும் எடைக்குத் தக்க அளவிலேயே கொடுக்க வேண்டும். ஒரு கிலோ எடையுள்ள குட்டிக்கும் மூன்று கிலோ எடையுள்ள குட்டிக்கும் அளவு ஒன்றாகாது. ஆதலின் குட்டியை ஒரு பையிலிட்டுக் கடைத் தராசில் நிறுத்து, அந்த எடையைக் கால்நடை மருத்துவரிடம் சொல்லி அளவு கேட்டுக்கொள்ளுங்கள். நமக்கென வைத்திருக்கும் புழு மாத்திரையை உடைத்து, உத்தேசமாகக் கொடுத்துவிடாதீர்கள்.

நம்மவரிடையே வழங்கும் சில கைமருந்துகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். புகையிலைச் சாறும் மண்ணெண்ணெயும் புழுவைக் கொல்லுமுன் குட்டியைக் கொன்றுவிடும். பூண்டு நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். கொட்டைப்பாக்கில் உள்ள அரிகோலின் என்னும் பொருளை முற்காலத்தில் மருத்துவர்களே நாயின் நாடாப்புழுவுக்குக் கொடுத்ததுண்டு. ஆனால் அதன் நச்சுத் தன்மை கருதி, நல்ல மருந்துகள் வந்தபின் அதனைக் கைவிட்டார்கள். மருத்துவரே கைவிட்டதை நாம் கையில் எடுக்க வேண்டாம்.

இன்னொன்று: இரத்தமாகப் பேதியாகும் குட்டிக்குப் புழுதான் காரணமென்று இருந்துவிடாதீர்கள். பார்வோ என்னும் கொடிய தொற்றுநோயும் அவ்வாறே தோன்றும். அப்போது தாமதமின்றிக் கால்நடை மருத்துவரிடம் செல்வதே வழி.

தாய்மார்களே, இனி நான் சொல்வதை உற்றுக் கேளுங்கள். நாயின் மலத்தோடு விழும் உருளைப்புழு முட்டைகள் மண்ணில் பல ஆண்டுகள் அழியாமல் கிடக்கக்கூடியவை. மண்ணில் விளையாடிய கையோடு குழந்தை எதையேனும் தின்றால், அம்முட்டைகள் வயிற்றுக்குள் செல்கின்றன. அங்கே பொரித்த குஞ்சுகள் கல்லீரல், நுரையீரல் ஆகியவற்றில் திரிகின்றன. சிலவேளை கண்ணுக்குள்ளும் புகுந்து பார்வையைக் கெடுத்துவிடுகின்றன. குழந்தைகளின் உடலில் திரிவது நாயின் உருளைப்புழுதான் என்பதை 1952இல் அமெரிக்க அறிஞர் பால் பீவரும் அவர்தம் குழுவினரும் எடுத்துக்காட்டினர்.

கொக்கிப்புழு நம் தோட்டங்களுக்குப் புதியதன்று. அது தோலைத் துளைத்தே உடலுக்குள் புகுகிறது என்பதை ஆர்தர் லூஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1898இல் எகிப்தில், தம் கையில் சிந்திய ஒரு துளியால் கண்டறிந்தார். 1915 முதல் 1917 வரை ராக்கஃபெல்லர் அறநிறுவனத்தின் ஆய்வுக்குழு மலாயாவுக்கு வந்து இந்நோயை ஆராய்ந்து சென்றது. வெறுங்காலோடு நிரையில் நடந்த நம் முன்னோர் இரத்தம் குன்றி வாடியதற்கு இப்புழுவும் ஒரு காரணம். கழிவறைகள் வந்தன; காலணி வந்தது; அந்நோய் பெரிதும் குறைந்தது. ஆனால் நாய், பூனைகளிடம் வாழும் செய்லானிக்கம் என்னும் ஒருவகைக் கொக்கிப்புழு, மனிதர் குடலிலும் வளர்ந்து வாழவல்லது. நம் நாட்டில் நாய்களிடத்தும் மனிதரிடத்தும் அது கண்டறியப்பட்டிருக்கிறது. நாம் முன்வாசலில் விரட்டிய பகை பின்வாசலில் வந்து நிற்கிறது என்றுதான் சொல்ல வேண்டும்.

இதற்குச் செய்ய வேண்டியவை கடினமானவையல்ல.

முதலாவது, நாயின் மலத்தை நாள்தோறும் அள்ளிப் புதைத்துவிடுங்கள். புதிதாக விழுந்த உருளைப்புழு முட்டை உடனே நோய் தராது. அது முற்றுவதற்கு இரண்டு வாரமேனும் ஆகும். கொக்கிப்புழுக் குஞ்சு முற்ற ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். அதற்குள் அள்ளிவிட்டால் மண் தூய்மையாகவே இருக்கும். நாள்தோறும் ஐந்து நிமிட வேலைதான். புதைக்குமிடம் பிள்ளைகள் விளையாடும் இடமாகவும், கீரைப்பாத்தியாகவும் இருத்தலாகாது.

இரண்டாவது, குட்டிகள் படுக்குமிடம் ஈரமின்றி வெயில் படும்படி இருக்கட்டும். சிமெண்டுத் தரையானால் கொதிநீர் ஊற்றிக் கழுவுங்கள்.

மூன்றாவது, பிள்ளைகள் நாயைத் தொட்டபின்னும் உண்ணுமுன்னும் சவர்க்காரமிட்டுக் கை கழுவட்டும்; வாசலில் இறங்கும்போது செருப்பணியட்டும். காலில் கோடு கோடாக நெளிந்து அரிக்கும் தடிப்புக் கண்டாலோ, குழந்தை மண்ணைத் தின்றாலோ, வெளுத்திருந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

நான்காவது, குட்டிகளைத் தோட்டத்து எல்லையில் விட்டுவிடாதீர்கள். நான் செய்த பிழை அதுவே. விடப்பட்ட குட்டி பிழைத்தால், அது மருந்து காணாத தெருநாயாகி, ஆண்டுதோறும் குட்டியீன்று, அதே புழுவை நம் வாசலுக்கே கொண்டுவரும். வளர்க்க இயலாதென்றால் நாய்க்குக் கருத்தடை செய்துவிடுவதே நேர்மையான வழி.

பெருமக்களே, நாய் நம் வாசலைக் காக்கிறது. அதிகாலையில் பெரட்டுக்குப் புறப்படும் நம்மோடு லயத்துக் கோடி வரை துணைக்கு வருகிறது. அதனிடம் அன்பு காட்டும் பிள்ளையின் மனம் நல்ல மனம். அந்த அன்பைத் தடுக்காமல், அதனோடு சிறிது அறிவையும் சேர்த்துக் கொடுப்பதே பெரியவர்களாகிய நம் கடமை. உங்கள் பிள்ளை நாளை ஒரு குட்டியைத் தூக்கிவந்து காட்டினால், அதன் வயிற்றை மட்டும் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். உதட்டைச் சற்றே விலக்கி ஈற்றின் நிறத்தையும் பாருங்கள். அது வெளுத்திருந்தால், அன்றைக்கே குட்டியோடு கால்நடை மருத்துவரிடம் புறப்படுங்கள். பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.